குளிசை மட்டும் தந்தால் கைவிட்டதாக அர்த்தமா?

இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர் திருகோணமலையைச் சேர்ந்தவர். கொழும்பில் கப்பல் சரக்குத் துறையில் அதிகாரியாக இருந்தவர். ஜிஸ்ட் என்ற அரிய வகைப் புற்றுநோயோடு வாழ்ந்துகொண்டு, அதே நோய் வந்தவர்களுக்குத் துணை நிற்கிறார்.

அக்கா, நீங்கள் ஏலெவலில் உயிரியல் படித்தவர் என்று கேள்விப்பட்டேன். கம்பனி வேலைக்கு எப்படிப் போனீர்கள்? எனக்கும் கம்பஸ் கிடைக்கவில்லை. வருடம் வீணாகிறது என்று வீட்டில் பேச்சு.
— உப்புவெளி வாசகி

திட்டம் போட்டுப் போகவில்லை, தங்கச்சி. நான் டொக்டராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை, எனக்கும் அதைத் தவிர வேறொன்றும் யோசிக்கத் தெரியாது, புள்ளி போதவில்லை. வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் நின்று ஆங்கிலம் படிக்கலாம் என்று கொழும்புக்குப் போன இடத்தில், ஒரு கப்பல் முகவர் கம்பனியில் பிரசவ லீவில் போன பிள்ளைக்குப் பதிலாக ரிசப்ஷனில் இருக்க ஆள் தேடினார்கள். போய் இருந்தேன். அந்தப் பிள்ளை திரும்பி வந்தபோது என்னை அனுப்பாமல் ஆவணப் பிரிவில் போட்டார்கள், அப்புறம் சுங்க வேலை, அப்புறம் கொள்வனவு, கடைசியில் ஒரு பிரிவுக்கே பொறுப்பு.

அங்கே நான் படித்தது இதுதான்: சரக்கு துறைமுகத்தில் நின்றுபோனால் கத்திப் பிரயோசனம் இல்லை, எந்த மேசையில் எந்தக் காகிதம் யாருடைய கையெழுத்துக்காகக் கிடக்கிறது என்று தேடிப் பிடித்து, அந்த ஆளிடம் மரியாதையாகப் போய் நிற்க வேண்டும். இன்றைக்கு ஒரு நோயாளியின் மருந்து எங்கே தடைப்பட்டது என்று தேடும்போதும் இதையேதான் செய்கிறேன். கிடைக்கிற வேலை சின்னதாக இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். வெளிவாரிப் பட்டமோ கணக்கியல் பரீட்சையோ வேலை செய்துகொண்டே படிக்கலாம், அதை வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி எடுத்து, ரிப்போட்டில் ஜிஸ்ட் என்று வந்திருக்கிறது. கீமோ இல்லையாம், தினமும் ஒரு குளிசை மட்டும் தந்திருக்கிறார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பதால்தான் இப்படி என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
— மூதூர் வாசகர்

இல்லவே இல்லை. இந்தப் பேச்சை இன்றைக்கே நிறுத்துங்கள், அம்மாவின் காதில் விழ விடாதீர்கள்.

நமது உணவுக்குழாய், இரைப்பை, குடல் சுவர்களுக்குள் காஹால் செல்கள் என்று உண்டு, ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் ரமோன் ஈ காஹாலின் பெயரால் அழைக்கப்படுபவை, குடல் தாளம் தப்பாமல் அசைவதற்கு அவைதான் சைகை கொடுக்கின்றன. ஜிஸ்ட் அந்தச் செல்களோடு தொடர்புடைய கட்டி. வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் வேறு, இது வேறு. முன்பு இதைத் தசைக் கட்டி என்றே பல இடங்களில் எழுதினார்கள், கீமோவும் கொடுத்துப் பார்த்தார்கள், அநேகமாக ஒன்றும் நடக்கவில்லை. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் கட்டிகளில் கிட் என்ற மரபணு பழுதுபட்டு, நிறுத்தாமல் "வளர், வளர்" என்று கட்டளை கொடுப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டளையை அடைக்கிற குளிசைதான் இமாடினிப். 2000இல் ஹெல்சின்கியில், ஈரல் வரை பரவி வேறு வழியில்லாத நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் கொடுத்தார்கள், சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின. 2002 பெப்ரவரியில் அமெரிக்காவில் ஜிஸ்ட்டுக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் குளிசைதான் உங்கள் அம்மாவின் கையில் இருக்கிறது, தம்பி. கீமோ தராதது கைவிட்டதால் அல்ல, இந்த நோய்க்குப் பொருத்தமான மருந்து இதுதான் என்பதால்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பயொப்சி ரிப்போட்டின் முழுப் பிரதியை வாங்குங்கள், "ஜிஸ்ட்" என்று துண்டில் எழுதித் தந்தது போதாது. கட்டியின் அளவு, செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்ற எண்ணிக்கை, கட்டி இரைப்பையிலா குடலிலா, ஒப்பரேஷனுக்கு முன்போ ஒப்பரேஷனிலோ உடைந்ததா, இந்த நான்கையும் வைத்துத்தான் திரும்பி வரும் ஆபத்தைக் கணிப்பார்கள். ஆபத்து கூடியவர்களுக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் சாப்பிடுவதைவிட மூன்று வருடம் சாப்பிடுவது நல்லது என்று 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

அப்புறம் மரபணுப் பரிசோதனை. இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். கிட் மரபணுவில் 11ஆம் பகுதியில் பழுது என்றால் வழக்கமான 400 மில்லிகிராம் நன்றாக வேலை செய்யும், 9ஆம் பகுதி என்றால், பரவிய நோய்க்கு இரட்டிப்பு அளவு தேவைப்படலாம். பீ.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ என்ற வேறொரு மரபணுவில் டி842வி என்ற பழுது என்றால் இமாடினிப் அநேகமாக வேலையே செய்யாது, அதற்கு 2020இல் அவாப்ரிடினிப் என்ற தனி மருந்து வந்தது. வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அந்த புளொக்கிலிருந்தே பரிசோதனை செய்யலாம், அம்மாவை மறுபடி குத்தத் தேவையில்லை. எங்கே, எவ்வளவு செலவில் செய்யலாம் என்று உங்கள் புற்றுநோய் டொக்டரிடமே கேளுங்கள். கேட்பதால் எந்த நல்ல டொக்டரும் கோபிக்க மாட்டார்.

குளிசையைச் சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் தண்ணீரோடு கொடுங்கள். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும், கெண்டைக்கால் பிடிக்கும், குமட்டலும் வயிற்றோட்டமும் வரலாம். எனக்கு எல்லாமே வந்தது. பலருக்கு நாளடைவில் குறையும், குறையாவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், டொக்டரைக் கேட்காமல் கசாயம், நாட்டு மருந்து எதையும் கூடச் சேர்க்கவும் வேண்டாம்.

ஆயிரக்கணக்கானோருக்கு வரும் புற்றுநோய்கள் இருக்கும்போது, சிலருக்கு மட்டும் வரும் நோய்க்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா?
— கிண்ணியா வாசகர்

ஐரோப்பிய கணக்கில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வருவதை அரிய புற்றுநோய் என்கிறார்கள். அப்படிப்பட்டவற்றை எல்லாம் கூட்டினால் மொத்தப் புற்றுநோயில் ஐந்திலொன்றைத் தாண்டிவிடும், ஆகவே சிலர் என்று ஒதுக்க முடியாது, ஐயா. ஜிஸ்ட் உலகளவில் பத்து லட்சம் பேருக்கு வருடத்தில் 10 முதல் 15 வரை. சுமார் நான்கு லட்சம் பேர் வாழும் நம் திருகோணமலை மாவட்டத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு நான்கு முதல் ஆறு பேர். ஒருவர் சம்பூரில், ஒருவர் நிலாவெளியில், ஒருவர் கந்தளாயில், யாருக்கும் மற்றவரைத் தெரியாது, கிளினிக் வாங்கிலில் பக்கத்தில் இருப்பவருக்கும் இந்த நோயின் பெயர் தெரியாது. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு அதே தெருவில் ஆறுதல் சொல்ல இன்னொரு பெண் கிடைப்பாள், எங்களுக்கு அப்படி யாருமில்லை. அந்தத் தனிமைக்காகத்தான் இந்தப் பாடு.

மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம். எனக்கு இந்த நோய் என்று தெரிந்தால் "பரம்பரை" என்று விலகிவிடுவார்களோ என்று பயம். வேலை இடத்திலும் சொல்லவில்லை.
— தம்பலகாமம் வாசகி

அம்மா, ஜிஸ்ட் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. அந்த மரபணுப் பழுது கட்டிக்குள் இருப்பது, பிள்ளைக்குக் கொடுத்தனுப்பியது அல்ல. பரம்பரையாக வரும் குடும்பங்கள் மிக மிக அபூர்வம், இளவயதில் வந்தாலோ வீட்டில் வேறொருவருக்கும் இருந்தாலோ டொக்டரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் இதை டொக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

வேலை இடத்தில் நான் சொன்னேன். சொன்ன அடுத்த வருடம் எனக்கு வரவிருந்த பதவி "உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்" என்ற ஒரு வரியோடு இன்னொருவருக்குப் போனது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, கஷ்டமா என்று. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஸ்கேனுக்கும் கிளினிக்குக்கும் ஒளித்து ஒளித்து லீவு எடுக்கிற அவஸ்தையைவிடச் சொன்னது எனக்கு நல்லதாகவே இருந்தது. நேரடி மேலதிகாரியிடம் மட்டும் சொல்லுங்கள், வைத்தியச் சான்றிதழோடு, எழுத்தில்.

மருந்து பெட்டி மாறி, வேறு கம்பனிப் பெயரில் வருகிறது. பழையது போல வேலை செய்யுமா?
— நிலாவெளி வாசகர்

முறையாகப் பதிவுசெய்த மருந்தென்றால் உள்ளே இருப்பது அதே இமாடினிப். 2013 ஏப்ரல் 1இல் இந்திய உச்ச நீதிமன்றம், இந்த மருந்தை முதலில் கொண்டுவந்த நோவார்டிஸ் கம்பனியின் காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்தது, அங்கே பல கம்பனிகள் இதைக் குறைந்த விலையில் தொடர்ந்து செய்ய அந்தத் தீர்ப்பு வழிவிட்டது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்த்தது. பெட்டி மாறிய திகதியைக் கொப்பியில் குறித்து வையுங்கள், புதிதாக ஏதாவது செய்தால் அந்தத் திகதியோடு டொக்டரிடம் சொல்லலாம். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாடு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கடைசி அட்டை வரை காத்திராமல், ஒரு மாத மருந்து கையில் இருக்கும்போதே அடுத்ததைக் கேளுங்கள்.

எனக்கு மருத்துவம் தெரியாது. உங்களோடு சேர்ந்து உதவ முடியுமா?
— மூதூர் வாசகி

சிங்களம் பேச வருமா? அப்படியென்றால் நாளைக்கே தேவைப்படுகிறீர்கள். இங்கிருந்து மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு ரயிலில் போகிறவர்களில் பலருக்கு அங்கே எந்தக் கவுன்டரில் எதைக் காட்டுவது என்று கேட்க மொழி இல்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, ரிப்போட்டுகளைத் திகதி வாரியாக ஃபைலில் அடுக்கித் தர ஆள் வேண்டும், போட்டோகொப்பி எடுத்துத் தர ஆள் வேண்டும், மகன் வெளிநாட்டில் இருக்கிற ஒரு கிழவிக்கு மாதம் ஒருமுறை போன் எடுத்து "குளிசை இருக்கா அம்மா?" என்று கேட்க ஆள் வேண்டும். இதழின் முகவரிக்கு உங்கள் ஊரையும், எந்தக் கிழமைகளில் ஓய்வு என்பதையும் எழுதுங்கள்.