வங்கியின் கடிதம் கைக்கு வராமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள்

கேள்வி: கோவையில் வங்கிக் கடனில் ஃபிளாட் வாங்கினேன். ஆறு வருடம் ஒழுங்காகத் தவணை கட்டினேன். வேலை போனதும் நின்றுவிட்டது. நிலுவை 41 லட்சம். சர்ஃபாசி நோட்டீஸ் (கடன் கட்டாததால் அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் சட்டத்தின் நோட்டீஸ்) வந்து 60 நாள் தாண்டிவிட்டது. வசூலுக்கு வந்தவர்கள் அக்கம்பக்கத்தார் முன் அசிங்கமாகப் பேசினார்கள். ஒருவர் 36 லட்சத்துக்குக் கேட்கிறார், 3 லட்சம் அட்வான்ஸ் தருகிறார். வங்கிமேல் வழக்குப் போட்டுவிட்டு வீட்டை நானே விற்கலாமா? கடனுக்கு ஜாமீன் போட்டவர் என் மைத்துனர்.

பதில்: வசூலுக்கு வந்தவர்கள் பேசியதற்குத் தனியாகப் புகார் கொடுங்கள். அதனால் ஏலம் நிற்காது. ஆறு வருடம் கட்டிய கதையையும் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் யாரும் கேட்கப்போவதில்லை.

விஷயம் இவ்வளவுதான்: 41 லட்சம் கடனுக்கு 36 லட்சத்தை நீட்டுகிறீர்கள். சர்ஃபாசி சட்டத்தின் 13(8) பிரிவு தரும், வீட்டை மீட்கும் உரிமை முழு நிலுவையையும் செலவோடு கட்டுகிறவருக்குத்தான். அதுவும் 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். குறைத்துக் கட்ட வங்கி மனது வைக்க வேண்டும். ஓ.டி.எஸ். (குறைத்த தொகையை ஒரே தடவையில் வாங்கிக் கணக்கை முடிக்கும் சலுகை) கொடுத்தே ஆக வேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது என உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது.

இப்போது அந்த 3 லட்சம். என்னிடம் வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நோட்டீஸ் கிடைத்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்கிறது 13(13) பிரிவு. மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. ஒரு கட்சிக்காரர் மேனேஜர் வாயால் சொன்ன “பார்க்கலாம் சார்” என்பதை நம்பி அக்ரிமென்ட் போட்டார். அட்வான்ஸ் பணம் மகள் காலேஜ் ஃபீஸுக்குப் போய்விட்டது. மேனேஜர் மாற்றலாகிப் போனார், வீடு ஏலத்துக்குப் போனது. வாங்க வந்தவர் மோசடிப் புகார் கொடுத்தார். வீடும் போய், ஸ்டேஷனுக்கும் நடந்தார் மனிதர்.

அதனால் முதலில் வங்கிக்கு எழுதுங்கள்: வாங்குபவர் யார், விலை என்ன, எத்தனை நாளில் பணம் வரும் என்று. சம்மதக் கடிதம் வந்த பிறகு பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகட்டும், உங்கள் கையில் பட வேண்டாம். பத்திரப் பதிவன்று வங்கி ஆள் மூலப் பத்திரத்தோடு வந்து அடமான ரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

வங்கியின் சம்மதக் கடிதத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். 36 லட்சத்தோடு “முழுமையான, இறுதியான தீர்வு” என்று இருக்கிறதா? விற்கச் சம்மதம் என்று மட்டும் இருந்தால் மீதி 5 லட்சம் உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு வட்டி ஏறும், வங்கி உங்களை விட்டுவிட்டு உங்கள் மைத்துனரைக்கூடப் பிடிக்கலாம். ஜாமீன்தாரரும் விடுவிக்கப்படுகிறார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். தீர்வு ஆனதும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று ஏறும், அடுத்த கடன் கஷ்டம்தான். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு? வங்கி சுவாதீன நடவடிக்கை (வீட்டைத் தன் வசம் எடுப்பது) எடுத்தால் 45 நாளுக்குள் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். நோட்டீஸில் ஓட்டை இருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்துக்கும் வட்டி ஓடும், 36 லட்சத்துக்கு வந்தவர் காத்திருக்க மாட்டார். சமரசம் பேசுங்கள்.

ஏல அறிவிப்பு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் நோட்டீஸ் நகலோடு இன்றே ஒரு வக்கீலைப் பாருங்கள். வரவில்லை என்றால் நாளைக்கே சம்மதம் கேட்டு நீங்கள் எழுதும் கடிதத்தை வங்கியில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.