ஆஞ்சியோவில் அடைப்பில்லை, அப்புறம் ஏன் மாடிப்படியில் வலி?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. 14 வருடமாக பிரஷர். நினைத்தால் மாத்திரை போடுவார், இல்லாவிட்டால் இல்லை. மாடியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது, மூச்சு வாங்குகிறது. எக்கோவில் இதயச் சுவர் 15 மி.மீ. தடிப்பு என்று வந்தது. ஆஞ்சியோவில் அடைப்பே இல்லையாம். ஹீமோகுளோபின் 9. 'எல்லாம் மனசுதான்' என்கிறார் மாமா. தசை தடித்தால் பலம்தானே டாக்டர்?
– வாசகி, விருதுநகர்

பதில்: மாமாவை முதலில் ஓரமாக உட்கார வையுங்கள் அம்மா. அப்பாவுக்கு வருவது நிஜமான வலி.

தடித்தால் பலம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். மாணவனாக இருந்தபோது பிரேதப் பரிசோதனை அறையில் ஒரு பிரஷர்காரரின் இதயத்தைக் கையில் வாங்கினேன். சாதாரணமாக 300 கிராம் இருக்க வேண்டியது, அரைக் கிலோவைத் தாண்டியிருந்தது. பேராசிரியர் குறுக்கே வெட்டிக் காட்டினார். இடது அறையின் சுவர் தேங்காய்ப் பருப்பு மாதிரி தடித்து, நடுவில் என் கட்டைவிரல் போகிற இடம்தான் மிச்சம்.

உங்கள் ஊர்ப் பக்கம் கண்மாய்ப் பாசனம் தெரியும்தானே? இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் அதன் மேற்பரப்பில் ஓடி, அங்கிருந்து உள்ளே கிளை பிரிகின்றன. சுவரின் உள்பக்கம்தான் கடைமடை. சுவரின் கனம் 11 மி.மீ.க்குள் இருக்கும்வரை அங்கேயும் தண்ணீர் போய்விடும். பிரஷரோடு மல்லுக்கட்டி தசைநார்கள் பருத்துவிட்டால், நுண்குழாய்கள் அதே வேகத்தில் பெருகுவதில்லை. வயல் பெருத்தது, வாய்க்கால் பழையது. ஆஞ்சியோவில் தெரிவது பெரிய வாய்க்கால்கள் மட்டும். அவை சுத்தமாக இருந்தும் கடைமடை காயலாம்.

இதில் மடை திறக்கும் நேரமும் ஒரு சிக்கல். இடது அறையின் தசைக்குப் பெரும்பாலும் ரத்தம் பாய்வது, இதயம் சுருங்கும்போது அல்ல, தளரும்போது. படியேறினால் துடிப்பு கூடுகிறது, தளரும் நேரம் குறைகிறது. வேலை கூடும் அதே நிமிடத்தில் மடை சீக்கிரம் மூடிக்கொள்கிறது.

மற்ற தசைகளானால் ரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனை உறிஞ்சிச் சமாளிக்கும். இதயம் சும்மா இருக்கும்போதே, வரும் ஆக்சிஜனில் 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் ரத்தம்தான் கூடுதலாக வர வேண்டும். நல்ல இதயத்தில் அந்த வரத்து நாலைந்து மடங்கு ஏறும். தடித்த இதயம், உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கையிருப்பில் ஒரு பங்கைச் செலவழித்துவிட்டிருக்கும்.

ஆக்சிஜன் போதாதபோது தசை, சர்க்கரையை அரைகுறையாக உடைத்து ஓட்டப் பார்க்கும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸில் 30 ஏடிபி (தசை செலவழிக்கும் சக்திக் காசு) வரை தேறும், இல்லாவிட்டால் 2தான். லாக்டிக் அமிலம் சேரும். சுருங்க மட்டுமல்ல, தளரவும் தசைக்குச் சக்தி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. சக்தி குறைந்ததும் தடித்த சுவர் விறைத்துக்கொள்கிறது, ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்குகிறது. அப்பாவுக்கு வலியோடு மூச்சும் வாங்குவது அதனால்தான்.

எனக்கு 15 மி.மீ.யைவிட அந்த ஹீமோகுளோபின் 9தான் கவலை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது அதுதான். ஆணுக்கு 13ஆவது இருக்க வேண்டும். வரும் தண்ணீரிலேயே மூன்றில் ஒரு பங்கு சத்து இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். இந்த வயது ஆணுக்கு ரத்தம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும்: மூலமா, வயிற்றுப் புண்ணா, பெருங்குடலா? மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்தாலும் சுவர் தடிக்கும். எக்கோ அறிக்கையில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

தடிப்பு குறையுமா? குறையும், மாதக்கணக்கில். 2002இல் வெளியான 'லைஃப்' ஆய்வில், ஈசிஜியில் தடிப்பு தெரிந்த 9,000க்கும் அதிகமானவர்களைப் பல வருடம் கவனித்தார்கள். லோசார்டன் என்ற பிரஷர் மாத்திரை எடுத்தவர்களுக்கு, அட்டெனலால் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை எடுத்தவர்களைவிடத் தடிப்பு நன்றாகக் குறைந்தது, பக்கவாதமும் குறைவு. அப்பாவுக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய டாக்டர் சொல்லட்டும். எதுவானாலும் தினமும் போட்டால்தான் பலன். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ உடனே 108ஐ அழையுங்கள். 'ஆஞ்சியோ சுத்தம்தானே' என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

ஹீமோகுளோபின் ஏறும்வரை செடிகளுக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள். மாமாவையும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.