பதில்: மாலை போட்டுக் குடியை நிறுத்தலாமா?

சகோதரி, காரைக்குடியில் இருக்கும் உங்கள் அண்ணன் பத்து வருடமாகத் தினமும் குடிக்கிறார், பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டு நிறுத்துகிறேன் என்கிறார், ஆலோசகரோ அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டார் என எழுதியிருந்தீர்கள். படித்ததும் வருத்தமாக இருந்தது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாக நடக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு மாலை என்பது ஊரறியச் செய்யும் சத்தியம். அதைப் பிடுங்கிவிட்டுக் கொடுக்கும் சிகிச்சை அவரிடம் ஒட்டாது.

ஆனால் ஒன்று. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து நடுக்கமும் வியர்வையும் முற்றி, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்து. அதனால் மாலை போடும் நாளுக்கு முன்பே மனநல மருத்துவரைப் பாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். மாலையைப் பற்றி நீங்களே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அதை வைத்தே அவர் பேசட்டும். நான் பார்த்தவரை மாலையைக் கழற்றிய அந்த வாரம்தான் சறுக்கும். அந்த வாரத்திலும் மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் வாங்கி வையுங்கள்.

அப்புறம், அண்ணனுக்குத் தெரியாமல் குழம்பில் குடியை நிறுத்தும் மருந்தைக் கலக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன்மேல் குடித்தால் உயிரே போகலாம். போதை மீட்புக்கான இலவச எண் 14446.