டிவியில ஃபுட்பால் மேட்சை அக்குவேறு ஆணிவேறா பிரிக்கிற கேரி நெவில், ஸ்பெயின் கிளப் வலென்சியாவில கோச்சா போய் ஏன் நாலு மாசம் கூட தாங்கல? அப்போ பேசுறதெல்லாம் வெறும் வாய்தானா?

யாரோ ஒருத்தரை "உனக்கு வாய்தான்"னு மட்டம் தட்டத்தான் நீங்க இந்தக் கேள்வியில நெவிலை இழுக்குறீங்கன்னு தோணுது. என்னையும் அப்படித்தான் சொன்னாங்க, அதனாலதான் இதை எழுதுறேன்.

நான் நெவில் ஆடின மான்செஸ்டர் யுனைடெட் கிளப்போட ரசிகன், ஒத்துக்கிறேன். அதுக்காக முட்டுக் கொடுக்கல. 3 பிப்ரவரி 2016, ஸ்பெயினோட கோப்பா டெல் ரே கோப்பை அரையிறுதி, பார்சிலோனாவோட கேம்ப் நவ் மைதானத்துல அவங்ககிட்ட வலென்சியா 7-0ன்னு தோத்துது. சுவாரஸ் 4 கோல், மெஸ்ஸி 3 கோல். அதை மறைச்சு என்ன ஆகப்போகுது? டிசம்பர் 2015 ஆரம்பத்துல வேலைக்கு எடுத்தாங்க, மார்ச் கடைசியில அனுப்பிட்டாங்க. லீக்ல 16 மேட்ச்ல 3 வெற்றி.

ஆனா எந்த நிலைமையில போனாருன்னு யாரும் சொல்றதில்ல. ஒரே கிளப்புக்கு 602 மேட்ச் ஆடினவர், ரிட்டயர் ஆனதும் டிவி, இங்கிலாந்து டீம்ல அசிஸ்டென்ட். ஒரு கிளப்புக்கு தலைமை கோச்சா இருந்ததே இல்ல. பெரிய கோச்சுன்னு பேர் வாங்கின கார்டியோலாவே முதல்ல பார்சிலோனாவோட பி டீமைத்தான் எடுத்தாரு. நெவிலுக்கு முதல் வேலையே வலென்சியா, அதுவும் சீசன் நடுவுல, மொழியும் தெரியாது.

மொழின்னா என்னன்னு எனக்குத் தெரியும். வெளிநாட்டுல வேலை பார்த்தப்ப கம்பெனிங்களுக்குள்ள ஒரு லீக் நடக்கும். அஞ்சு வருஷம் ரைட் பேக், அதாவது வலது பக்க தடுப்பாட்டக்காரரா ஆடினேன், அப்புறம் முட்டி போயிடுச்சு. ஆனாலும் லைன் ஓரமா உக்காந்து எங்க ஓட்டை விழுதுன்னு சொல்லிட்டே இருப்பேன், பசங்களும் சரியா சொல்றாருன்னு கேப்பாங்க. அப்போ இருந்த கோச் ஊருக்குப் போயிட்டதால பாதி சீசன்ல என்னைப் போட்டாங்க. ஏழு மேட்ச், ஆறு தோல்வி, ஒரு டிரா.

ஒரு மேட்ச்ல எங்க லெஃப்ட் பேக், நேபாளத்துப் பையன், மேல ஏறிப்போறான், பின்னாடி காலியா கெடக்கு. எனக்குத் தெளிவா தெரியுது. ஹாஃப் டைம்ல மண்ணுல காலால கோடு போட்டு, தமிழும் அரைகுறை இங்கிலீஷும் கலந்து சொன்னேன், தலையாட்டினான். செகண்ட் ஹாஃப்ல அதே இடத்துல கோல். அப்புறம்தான் தெரிஞ்சுது, இன்னும் மேல ஏறிப்போன்னு நான் சொல்றதா அவன் எடுத்துக்கிட்டான்! நான் பார்த்தது தப்பில்ல, அதை அவன் காலுக்குக் கொண்டு போய்ச் சேர்க்க முடியல, அவ்வளவுதான். அது தனி வேலை, அதையும் கத்துக்கணும்.

இதைச் சொன்னா சாக்குன்னு சொல்வீங்க. சாக்கு இல்லைங்க, தோத்தது நான்தான். ஆனா ஒண்ணு, ஜெர்சி குடுத்துட்டு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்க மேனேஜ்மென்ட்ல அத்தனை பேரும் வந்தாங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்காம நேரா கிரவுண்டுக்கு வர்ற நாலு பசங்களுக்கு மேட்ச் அன்னைக்கு மட்டும் டியூட்டி மாத்திக் குடுங்கன்னு கேட்டப்ப ஒருத்தர் கூட பேசல, அந்தக் கோபம் இன்னும் போகல எனக்கு.

நெவில் திரும்ப டிவிக்கு வந்து, கூட மேட்சை அலசுற கேரகர் பக்கத்துல உக்காந்தாரு. எந்த கோச்சைப் பத்தி வாய் திறந்தாலும் 'வலென்சியா'ன்னு ஒரு வார்த்தையில அடிப்பாங்கன்னு தெரிஞ்சேதான் வந்தாரு. அவர் சொல்ற விஷயம் சரியா தப்பான்னு பாருங்க, 7-0 படத்தைப் போட்டா அதுக்குப் பதில் ஆயிடாது.

என்னை அடுத்த சீசன் கோச்சா கூப்பிடல. ஆனா அந்த லெஃப்ட் பேக் பையன், நான் அங்க இருந்த வரைக்கும், மேட்ச் முடிஞ்சதும் என்கிட்ட வந்து மண்ணுல கோடு போட்டுக் காட்டச் சொல்லுவான்.