'மேஷ்' தொடர்: கேளுங்கள், சொல்கிறேன்

கொரியப் போர்முனையில் இருந்த ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையை வைத்து எடுத்த நகைச்சுவைத் தொடர் 'மேஷ்'. அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

போரே 3 வருடம்தான், தொடர் 11 சீசன் ஓடியது எப்படி?

1950 ஜூனில் தொடங்கிய போர் 1953 ஜூலையில் ஓய்ந்தது, தொடரோ 1972 முதல் 1983 வரை ஓடியது, அதனால் தேதிக் கணக்கெல்லாம் பார்க்கவே பார்க்காதீர்கள். கதைதான் கொரியா. தொடர் ஆரம்பித்தபோது வியட்நாம் போர் முடியவில்லை, கிண்டல் எல்லாம் அங்கேதான் போய் விழுந்தது. டாக்டர்களின் தலைமுடியைப் பாருங்கள், அசல் 70கள்!

அண்ணா, ஆபரேஷன் காட்சிகளில் மட்டும் பின்னணிச் சிரிப்பு இல்லையே, ஏன்?

தயாரிப்பாளர்களுக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை, சிபிஎஸ் சேனல் விடவில்லை. கடைசியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் மட்டும் வேண்டாம் என்று சமரசம் ஆனது. பிரிட்டனில் பிபிசி சிரிப்பு இல்லாமலே ஒளிபரப்பியது. என்னைக் கேட்டால் அப்படிப் பார்ப்பதுதான் சரி, வேறு தொடர் மாதிரியே இருக்கும்.

மருத்துவமனைத் தலைவர் ஹென்றி பிளேக் இறந்த செய்தி வரும்போது நடிகர்களுக்கு முன்பே தெரியாதாமே, நிஜமா?

பெரும்பாலும் நிஜம். பிளேக்காக நடித்த மெக்லீன் ஸ்டீவன்சன் தொடரை விட்டு விலகுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவர் பாத்திரம் வீடு திரும்பும் வழியில் விமானம் சுடப்பட்டு இறக்கும் என்ற கடைசிப் பக்கத்தை எழுத்தாளர் லாரி கெல்பார்ட் ஒளித்து வைத்திருந்தார். கதாநாயகனாக நடித்த ஆலன் ஆல்டாவுக்கு மட்டும் முன்பே தெரியும், மற்றவர்கள் கைக்கு அந்தப் பக்கம் வந்தது படமெடுக்கச் சற்று முன்னால்தான். 1975 மார்ச்சில் ஒளிபரப்பானதும் கோபக் கடிதங்கள் குவிந்தன. நகைச்சுவைத் தொடரில் ஒரு முக்கியப் பாத்திரத்தை அப்படிச் சாகடிப்பது அன்று யாரும் எதிர்பார்க்காத விஷயம், கோபம் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சார், கடைசி எபிசோடில் வரும் காட்டுத்தீ செட் போட்டதா?

கலிபோர்னியாவின் மலிபு மலைப்பகுதியில்தான் வெளிப்புறக் காட்சிகள் எடுப்பார்கள். 1982 அக்டோபரில் உண்மையிலேயே காட்டுத்தீ வந்து அந்த செட் எரிந்தது, உடனே அதைக் கதைக்குள்ளேயே நுழைத்துவிட்டார்கள். 1983 பிப்ரவரி 28 அன்று அந்த எபிசோடை அமெரிக்காவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

மருத்துவமனை எழுத்தர் ரேடார் எப்போதும் ஒரு கிளிப்போர்டு அட்டையைப் பிடித்துக்கொண்டே திரிவது ஏன்?

நடிகர் கேரி பர்காஃபின் இடது கை விரல்கள் பிறவியிலேயே சிறியவை. அதை மறைக்கத்தான்.

இவர்களில் யாராவது நிஜமாகவே கொரியாவுக்குப் போனவர்களா?

பெண் உடை போட்டுக்கொண்டு ராணுவத்திலிருந்து தப்பிக்கப் பார்ப்பாரே கிளிங்கர், அந்த ஜேமி ஃபார் போனவர்தான். ஆல்டாவும் ராணுவத்தில் இருந்தவர். ஃபாரும் கிளிங்கர் மாதிரியே அமெரிக்காவின் டொலிடோ ஊர்க்காரர், அதனால் அந்த ஊர்ப் பேச்செல்லாம் அவருக்கு வீட்டுப் பேச்சு.