வன்னியின் பழைய மாட்டுப்பாதையும் ஆத்துக் கடவைகளும்: கேள்வி பதில்

முள்ளியவளையிலிருந்து: அண்ணை, யானையளை நடத்தியோ யாழ்ப்பாணம் கொண்டுபோனவை?

ஓம். போர்த்துக்கேயரும், 1658இலை யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஒல்லாந்தரும் வன்னிச் சிற்றரசரான வன்னியரிட்டைத் திறையா யானை வாங்கினவை. காட்டிலை பிடிச்சதை வடக்கே நடத்தி, ஆனையிறவுக் களப்பைக் கடத்தி, ஊர்காவற்றுறையிலை கப்பலேத்தி இந்தியாவுக்கு வித்தவை. மழை முடிஞ்சு வெயில் ஏற அந்தக் களப்பு வத்தி உப்புப் படியும். யாழ்ப்பாணத்துக்குச் சாய்ச்ச மாட்டு மந்தைக்கும் அதைவிட நல்ல கடவை இல்லை.

பூநகரியிலிருந்து: பிழை. எங்கடை சங்குப்பிட்டிதான் பழைய கடவை. கோட்டையே இருக்கு!

கோட்டை இருக்கு, மறுக்கேல்லை. ஆனால் அங்காலை கேரதீவு வரைக்கும் தண்ணி. ஆளும் மூட்டையும் வள்ளத்திலை போகும், பட்டி மாட்டை எப்படி ஏத்துவியள்? 2011இலை பாலம் திறக்க முன்னம் ஓடினதும் 'பாதை' எண்ட மிதவைதானே, அதிலை எத்தினை மாடு நிக்கும்?

மல்லாவியிலிருந்து: பூநகரியார் சொல்றதிலையும் நியாயம் இருக்கு. மேற்காலை போனால் கிட்ட.

கிட்டத்தான், ஆனால் ஆறு குறுக்கிடும். பறங்கி ஆறும் பாலி ஆறும் மேற்கே கடலுக்குப் பாயுது. மன்னார்–பூநகரி வழியாலை வாற மந்தை ரெண்டையும் கடக்க வேணும். நடுவாலை போனால் கனகராயன் ஆறு கூடவே வடக்கே வந்து இரணைமடுவிலை தேங்குது. பக்கத்திலை தண்ணி, குறுக்கே ஆறில்லை. மாட்டுக்காரன் எதைத் தெரிவான்?

பூநகரியிலிருந்து: அப்ப கோட்டை ஏன்?

வரி வாங்க, ஆளைக் கண்காணிக்க. ஆனையிறவுப் பக்கமும் ஒல்லாந்தர் கோட்டை வைச்சவை, உங்களுக்கு மட்டுமில்லை. இனி இதுக்குப் பதில் இல்லை.

வவுனியாவிலிருந்து: தோட்டத்துக்கு ஆக்கள் நடந்து போனதும் இந்தப் பாதையோ?

இல்லை. இந்தியாவிலையிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்தவை மன்னார்க் கரையிலை இறங்கி மாத்தளைக்கு நடந்தவை. வாந்திபேதியிலை வழிநெடுகச் செத்தவை. அது வேறை பாதை, வேறை துயரம். தனியாக் கேளுங்கோ.

ஒட்டுசுட்டானிலிருந்து: பண்டாரவன்னியன் இந்தப் பாதையாலை போனவரோ?

திரும்பவும் இதே கேள்வி! வன்னிச் சிற்றரசரான அவர் 1803இலை வெள்ளைக்காரரிட்டை இருந்த முல்லைத்தீவைத் தாக்கினார், பிறகு கற்சிலைமடுவிலை தோத்தார். பாதை பற்றிச் சொல்ல என்னட்டை ஆதாரம் இல்லை.

கிளிநொச்சியிலிருந்து: பாதையோரம் புதையல் இருக்குமோ?

தொல்லியல் திணைக்களத்தைக் கேளுங்கோ. மண்வெட்டியோடை காட்டுக்குப் போகாதேங்கோ. கண்ணிவெடி எண்டு எச்சரிக்கிற சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த அடியிலையே திரும்புங்கோ.

மாங்குளத்திலிருந்து: மார்கழி லீவிலை பாலி ஆறு வரைக்கும் நடந்து பாக்கலாமோ?

வேண்டாம். மேலே மழை பெய்தால் இங்கை வானம் வெளிச்சிருக்கேக்கையே வெள்ளம் வரும். ஆவணியிலை போங்கோ, ஊர்ப் பட்டிக்காரர் ஒராளோடை. பலகை பற்றிச் சொன்னது உங்களுக்கும்தான்.