ஊருணிப் பாசியைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஆச்சி. "என் பேத்தி, ஊருணித் தண்ணீரில் எந்தப் பாசி விஷம், எது விஷமில்லை என்று கண்டுபிடிக்கப் படிக்கிறேன் என்கிறாள், இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புத்தான், அதுவும் ஊருக்கு வேண்டிய படிப்பு.

நீலப்பசும்பாசி உண்மையில் ஒரு பாக்டீரியா. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகையில் நஞ்சு உண்டாக்குவதும் உண்டாக்காததும் ஒரே தண்ணீரில் கலந்து வாழும். நுண்ணோக்கியில் பார்த்துப் பிரிக்க முடியாது, வித்தியாசம் மரபணுவில் இருக்கிறது. மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. அதைத் தயாரிக்க எம்சிஒய் எனப்படும் மரபணுக்கள் வேண்டும். தண்ணீரிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அந்த மரபணுவைப் பிசிஆர் முறையில், அதாவது அந்தத் துண்டை மட்டும் பல மடங்கு நகலெடுத்து, தேடினால் சில மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். ஆனால் சிலவற்றில் மரபணு சிதைந்துபோய்ச் சும்மா கிடக்கும். அதனால் நஞ்சையே அளக்கும் எலைசா சோதனையும் தெரிந்திருக்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. 2014-இல் அமெரிக்காவின் டொலீடோ நகரில் இந்த நஞ்சால் 4 லட்சம் பேருக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது.

சரி, வேலை. பாசிக்கென்றே ஆள் எடுக்கும் இடங்கள் குறைவு, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் பிசிஆர் கைப்பழக்கம் உள்ளவரை மருத்துவப் பரிசோதனைக்கூடம், மருந்து நிறுவனம், உணவு ஆய்வகம் எல்லாமே தேடும். நுண்ணுயிரியல் அல்லது உயிர்த்தொழில்நுட்பத்தில் இளநிலை 3 ஆண்டு, முதுநிலை 2 ஆண்டு. முதுநிலைக்கு ஜாம், கேட்-பி என்ற தேசிய நுழைவுத் தேர்வுகளை எழுதட்டும். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் நீலப்பசும்பாசிக்கென்றே தேசிய மையம் உண்டு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் முனைவர் பட்டம் செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், வீட்டுச் செலவுக்குக் கையேந்த வேண்டியதில்லை.

நீட்டில் இடம் கிடைக்காதவர்கள் போகும் படிப்பு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள், அவள் விரும்பித்தான் கேட்கிறாள். பிளஸ் டூவில் கணக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம், மரபணுத் தகவல்களைக் கணினியில் அலச அது உதவும்.

அப்புறம், கல்லூரியில் சேர்க்கும் முன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். பிசிஆர் கருவியை மாணவர்களே இயக்குகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.